கொள்ளைநோய்க் காலத்தில் விவசாயியின் மனக்கவலையும் அதனைக் கையாளும் முறையும்

பயிர்களுக்கு வரும் நோய்களைப் பற்றியும் கால்நடைகளுக்கு வரும் நோய்களைப் பற்றியும் விவசாயப் பத்திரிகைகள் மாதந்தோறும் எழுதி வருகின்றன. பயிரையும் மாட்டையும் பராமரிக்கும் விவசாயியின் மனத்துக்கு உண்டாகும் நோவைப் பற்றி எழுதுவது அரிது. நெற்பயிரில் குருத்துப்பூச்சி கண்டவுடன் காய்ந்த குருத்தைப் பிடுங்கிக்கொண்டு விவசாய அலுவலகத்துக்கு விரைகிற ஒருவர், பதினைந்து நாட்களாகத் தமக்கு உறக்கம் வரவில்லை என்பதைத் தம் வீட்டாரிடத்திலுங்கூடச் சொல்லுவதில்லை. சாதாரண காலங்களிலேயே நன்மை தராத இவ்வழக்கம், கொள்ளைநோய் பரவுங்காலத்தில் உயிருக்கே கேடாய் முடிவதுண்டு. ஆதலின் இதுபற்றிச் சற்று விரிவாக ஆராய்வது நிலமுடையோர்க்கும் கிராமாதிகாரிகளுக்கும் பயன்படும்.

2019 ஆம் ஆண்டின் இறுதியில் சீன தேசத்து வூஹான் நகரில் வெளிப்பட்ட கொரோனா நோயை, உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச்சு 11 ஆம் தேதி உலகளாவிய கொள்ளைநோய் என்று கூறிற்று. அம்மாதம் 24 ஆம் தேதி இரவு 8 மணிக்கு அறிவிக்கப்பட்டு அன்று நள்ளிரவு முதலே இந்தியா முழுவதும் 21 நாள் ஊரடங்கு அமலுக்கு வந்தது. பின்னர் பன்முறை நீட்டிக்கப்பட்டது. மேற்படி ஸ்தாபனம் சர்வதேச அவசர நிலை நீங்கியதாகக் கூறியது 2023 மே 5 ஆம் தேதியேயாகும். நோய் பரவிய முதலாண்டில் மனப்பதற்றமும் மனச்சோர்வும் உலகில் ஏறக்குறைய 25 சதவீதம் மிகுந்தன என்று அந்த ஸ்தாபனமே 2022 இல் வெளியிட்டது. இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன், 1918 ஆம் ஆண்டின் இன்புளுயன்சா சுரத்தால் இத்தேசத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு மழையும் பொய்த்தது. நோயும் வெள்ளாமைக் குறைவும் ஒருங்கே வருதல் புதிதன்று. இனி வராது என்று உறுதி கூறுவாரும் இல்லை.

மாதச் சம்பளம் பெறுவோரில் பலர் ஊரடங்கில் வீட்டிலிருந்தே அலுவல் பார்த்தனர். பயிரோ ஊரடங்கை அறியாது. 2020 மார்ச்சு இறுதியில் தர்ப்பூசணி கொடியிலே பழுத்துக் கிடந்தது. வாழைத்தார் வெட்டுக்கு வந்தது. மல்லிகை விடியுமுன் பறிக்கப்பட வேண்டிய பருவத்தில் இருந்தது. விவசாய வேலைகளுக்கு ஊரடங்கிலிருந்து மத்திய சர்க்கார் விலக்களித்தது மார்ச்சு 27 ஆம் தேதியன்று. எனினும் ஆள் வரவில்லை, வண்டி வரவில்லை, வண்டி வந்தவிடத்தில் வாங்குவோர் வரவில்லை. கோயில்கள் அடைபட்டு, கலியாணங்கள் சுருங்கி, மதுரைச் சித்திரைத் திருவிழாவே வழக்கம்போல் நடவாதுபோன அவ்வாண்டில், பூச்சாகுபடி செய்தோர் பறிகூலிக்கும் விலை காணாது பூவைச் செடியிலேயே விட்டனர். சென்னை கோயம்பேடு சந்தையில் நோய் பரவியதால் மே மாதம் 5 ஆம் தேதி அது மூடப்பட்டுக் காய்கறி வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. அச்சந்தையிலிருந்து ஊர் திரும்பிய கூலியாட்கள் வழியே கடலூர், அரியலூர், விழுப்புரம் முதலிய ஜில்லாக்களிலும் நோய் கண்டது. காய்கறி மொத்தக் கடைகள் கோயம்பேட்டில் மீண்டும் திறக்கப்பட்டது செப்டம்பர் 28 ஆம் தேதியன்று. ஆக, நோய் அச்சம் ஒருபுறம், விலை அச்சம் மறுபுறம், கடன் தவணை மூன்றாவது புறம், வெளியூரிலிருந்து வந்த மகன் வீட்டில் நோயைக் கொண்டுவந்திருப்பானோ என்ற ஐயம் நான்காவது புறம் என்று, ஒரே மனிதனை நாற்புறமும் வளைத்துக்கொண்ட காலம் அது.

இந்நிலையிலுள்ளவனிடம் 'கவலைப்படாதே' என்று சொல்வது ஆறுதலாகாது என்பது எமது அபிப்பிராயம். கவலைப்பட அவனுக்குக் காரணங்கள் உள்ளன. செய்யத்தக்கது, அக்காரணங்களை ஒன்றிலிருந்து மற்றொன்றாகப் பிரித்துக் காண்பதேயாம். சிக்குண்ட நூற்கண்டை இழுத்தால் முடிச்சு இறுகும். ஓர் இழையைத் தேடியெடுத்தால் அவிழும்.

உதாரணமாக, மூன்று ஏக்கர் நஞ்சையுடைய ஒருவருக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் 90,000 ரூபாயும், நகை அடகில் 60,000 ரூபாயும், உரக்கடையில் 18,000 ரூபாயும், உறவினரிடம் கைம்மாற்று 12,000 ரூபாயும் பாக்கி என்று கொள்வோம். இரவு இரண்டு மணிக்கு விழித்திருப்பவருக்கு இவை நான்கும் ஒன்றாகத் திரண்டு 1,80,000 ரூபாய் என்னும் ஒரே பாறையாய் மார்பின்மேல் உட்காருகின்றன. அவரே பகலில் ஒரு தாளை எடுத்து, யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்கு, என்ன வட்டிக்கு என்று எழுதிப் பார்ப்பாராயின், இந்த மாதத்தில் வாசலில் வந்து கேட்கக்கூடியவர் உரக்கடைக்காரரும் உறவினருமே என்பதும், அத்தொகை 30,000 ரூபாய்தான் என்பதும் விளங்கும். முப்பதினாயிரமும் சிறிய தொகையன்று. ஆயினும் அதைப்பற்றி இருவரிடம் பேசிப் பார்க்கலாம். பாறையினிடம் பேச முடியாது. கணக்கெழுதும்போது வீட்டிலுள்ள பெண்டிரை உடன் வைத்துக்கொள்ளுதல் நலம். சுயஉதவிக் குழுவின் கடனோ, பால் பணத்தின் கையிருப்போ அவர்கள் கணக்கில்தான் இருக்கும். அவர்களுடைய கவலையும் கேட்பாரின்றி அடுப்பங்கரையிலேயே நிற்கும்.

கடன் விஷயத்தில் மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. 2020 மார்ச்சு 27 ஆம் தேதி ரிசர்வ் வங்கி கடன் தவணைகளை மூன்று மாதம் தள்ளிவைக்க இடமளித்துப் பின்னர் ஆகஸ்டு 31 வரை நீட்டித்தது. தள்ளிவைப்பைத் தள்ளுபடி என்று கருதி நிம்மதியடைந்தோர் பலர், வட்டி ஓடிக்கொண்டிருந்ததைப் பிறகு அறிந்து முன்னிலும் கலங்கினர். எந்தச் சலுகையையும் வங்கியிலோ சங்கத்திலோ நேரில் விசாரித்து, எழுத்தில் அறிந்துகொள்ள வேண்டும். ஆனால் இதன் மறுபக்கமும் உண்டு. 2021 பிப்ரவரி 5 ஆம் தேதி, கூட்டுறவுச் சங்கங்களில் 16.43 லட்சம் விவசாயிகள் பெற்ற 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாகத் தமிழ்நாடு சர்க்கார் அறிவித்தது. 2020 ஆம் ஆண்டின் கோடையில் எவரும் இதனை எதிர்பார்த்திருக்க முடியாது. அவ்வாண்டு ஜூன் 12 ஆம் தேதி, எட்டாண்டு இடைவெளிக்குப் பின்னர், மேட்டூர் அணை உரிய நாளில் திறக்கப்பட்டுக் குறுவைக்குத் தண்ணீர் வந்ததும் அவ்வாறே. தள்ளுபடியை நம்பிக் கடன் வாங்குதல் தகாது. ஆனால் 'இனி ஒன்றும் நடவாது' என்று நள்ளிரவில் மனம் கூறும் சோதிடம், வானிலை அறிக்கையைக் காட்டிலும் அடிக்கடி பிழைபடுவது என்பதை இவை காட்டும்.

இனி வதந்தியைப் பற்றி. 2020 பிப்ரவரியிலும் மார்ச்சிலும், கோழியிறைச்சியாலும் முட்டையாலும் கொரோனா பரவும் என்று கைபேசிகளில் பரப்பப்பட்ட பொய்ச் செய்தியால், நாமக்கல் பகுதியில் முட்டை விலை உற்பத்திச் செலவுக்கும் கீழே சரிந்தது. பண்ணையாளர் பட்ட நஷ்டத்திற்குக் கிருமி காரணமன்று, வாய்ச்சொல்லே காரணம். அவ்வதந்தியைப் பிறர்க்கு அனுப்பியோரில் தாமே கோழி வளர்ப்போரும் இருந்திருப்பர் என்பதில் எமக்கு ஐயமில்லை! செய்தியை ஓயாது பார்ப்பதால் மனம் தெளிவடைவதில்லை. மேலும் மேலும் பதறுகிறது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, அதுவும் சர்க்கார் சுகாதார இலாகாவின் அறிக்கையையோ நம்பகமான செய்தித்தாளையோ பார்த்தல் போதும். படுக்கைக்குக் கைபேசியை எடுத்துச் செல்லாதிருப்பது, உறக்கத்திற்கு இலவசமாகக் கிடைக்கும் மருந்து.

மனக்கவலை உடலிலும் தோன்றும். நெஞ்சு படபடத்தல், மார்பு இறுகுதல், மூச்சு போதாமை, கை வியர்த்தல், வயிறு கலங்குதல் ஆகியன பதற்றத்தின் குறிகள். கொரோனா போன்ற நோயிலும் மூச்சு வாங்குமாதலால், பலர் இரண்டையும் மயக்கிக்கொண்டு மேலும் அஞ்சினர். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் என்னும் சிறு கருவி இவ்விடத்தில் உதவும். அதில் ஆக்ஸிஜன் அளவு 94க்குக் கீழ் இறங்கினால் தாமதமின்றி வைத்தியரிடம் செல்ல வேண்டும். அளவு அதற்கு மேலிருந்து, சுரமும் இருமலும் இன்றி, கவலை எழும்போது மட்டும் மூச்சு முட்டி, சிறிது நேரத்தில் தணியுமாயின் அது பெரும்பாலும் பதற்றத்தின் வேலையே. அப்போது நிமிர்ந்து உட்கார்ந்து, வயிறு எழும்ப மெல்ல மூச்சை இழுத்து, இழுத்ததைக் காட்டிலும் நீண்ட நேரம் கொண்டு வெளியே விடுதல் வேண்டும். ஐந்து நிமிடம் இவ்வாறு செய்ய, நாடி தணியும். எனினும் மார்புவலி நீடித்தாலும், இடக்கையிலோ தாடையிலோ வலி பரவினாலும் அதனைக் கவலை என்று எண்ணி வாளாவிருத்தல் கூடாது.

தினசரி ஒழுங்கு கெடுவதால் கவலை வளரும். விவசாயிக்கு இவ்விஷயத்தில் பிறர்க்கில்லாத பாக்கியம் உண்டு. சந்தை மூடினாலும் மாடு கறவைக்குக் கத்தும். மடையை யாரேனும் திருப்பியாக வேண்டும். விளைபொருள் விற்காத நாளிலும் வயலுக்குப் போய் வருதல், வரப்பு வெட்டுதல், எருக்குழியைச் சீர்செய்தல், கருவிகளைப் பழுது பார்த்தல் ஆகியவற்றை விடாது செய்வோர்க்கு உறக்கமும் பசியும் ஒருவாறு நிலைத்து நிற்கும். விலகியிருக்கும்படி வைத்தியர் சொல்வது உடலுக்கே; பேச்சுக்கு அன்று. இரு வயலுக்கிடையே வரப்பில் நின்று பேசுவதில் நோய்க்கு இடம் மிகக் குறைவு.

மதுப்பழக்கம் உடையோரைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியுள்ளது. ஊரடங்கில் மதுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டு, பின்னர் மே மாதத்தில்தான் திறக்கப்பட்டன. நெடுநாள் மிகுதியாகக் குடித்து வந்தவர் திடீரென நிறுத்த நேர்ந்தால், இரண்டு மூன்று நாட்களில் கைநடுக்கம், உறக்கமின்மை, பிதற்றல், வலிப்பு முதலியன உண்டாகலாம். இதைப் பேய்பிடித்ததென்றோ பாசாங்கென்றோ கருதாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். குடி கவலையை ஆற்றும் என்பதோ வெறும் மயக்கம். இரவில் ஆற்றியதை விடியற்காலையில் இரட்டிப்பாய்த் திருப்பித் தரும்.

எல்லாவற்றிலும் முக்கியமானதும், வெளிப்படையாய்ப் பேசப்படாததுமான விஷயம் ஒன்று உண்டு. பட்டணத்து வீடுகளில் இல்லாத ஒரு பொருள் விவசாயியின் வீட்டில் உள்ளது, பூச்சிமருந்து. மிஞ்சிய மருந்துப் புட்டி பரணிலோ, மாட்டுக்கொட்டகையிலோ, சில வேளைகளில் கட்டிலின் கீழேயோ கிடக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பெரும்பாலோர்க்கு ஓயாமல் நிற்பதன்று. எழுந்து, உச்சிக்குப் போய், சில நாழிகையில் தணிவது. அச்சில நாழிகையில் விஷம் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாவிடில் அவர் பிழைக்கிறார். பிழைத்தவருள் பெரும்பாலோர் பின்னர் அவ்வழியை நாடுவதில்லை. ஆகையால் மருந்துப் புட்டியைப் பூட்டி வைத்தல், குழந்தைகளுக்காக மட்டும் செய்யும் ஏற்பாடன்று.

இது ஏட்டளவில் உள்ள யோசனையுமன்று. கடலூர் ஜில்லா காட்டுமன்னார்கோயில் பகுதியில், பூச்சாகுபடி செய்யும் கிராமங்களில், சென்னையிலுள்ள ஸ்நேகா என்னும் தற்கொலைத் தடுப்பு நிலையத்தைச் சார்ந்த டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவருடன் பணியாற்றியோரும் ஒரு சோதனை நடத்தினர். இரண்டு கிராமங்களில் பொதுக் கிடங்கு கட்டி, ஒவ்வொரு விவசாயிக்கும் பூட்டுள்ள பெட்டி ஒன்று ஒதுக்கி, பொறுப்பாளர் ஒருவரையும் அமர்த்தினர். விவசாயிகள் தேவையானபோது மருந்தை எடுத்துச் சென்று, மிச்சத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தனர். கிடங்கில்லாத வேறு இரு கிராமங்களோடு ஒப்பிடுகையில், கிடங்குள்ள கிராமங்களில் பூச்சிமருந்தால் உயிரை மாய்க்க முயல்வது குறைந்ததாக 2013 இல் வெளியான அவர்களுடைய கட்டுரை கூறும். சோதனை சிறியது, ஆயினும் கைவிடத்தக்கதன்று. இலங்கையிலோ கொடிய விஷமுள்ள மருந்துகளைச் சர்க்காரே படிப்படியாகத் தடைசெய்ததன் பின்னர், 1995 இல் உச்சத்திலிருந்த தற்கொலை விகிதம் இருபது ஆண்டுகளில் சுமார் 70 சதவீதம் இறங்கியது. அதனால் நெல் மகசூல் குறையவில்லை. மருந்து கைக்கெட்டாவிடில் விளைச்சல் கெடும் என்று அஞ்சுவோர் இதனைக் கவனிக்க.

ஆகவே, தேவைக்கு மேல் மருந்து வாங்கலாகாது. புட்டியின் சீட்டில் சிவப்பு முக்கோணம் இட்டவை மிகக் கொடியவை. அவை வீட்டுக்கே வர வேண்டியதில்லை. மிச்சமுள்ளதை வீட்டுக்கு வெளியே, பூட்டுள்ள பெட்டியில் வைத்து, சாவியை மற்றொருவரிடம் கொடுத்தல் வேண்டும். வீட்டில் எவரேனும் மனந்தளர்ந்திருப்பதாகத் தோன்றினால், அந்நாட்களில் புட்டிகளை முழுவதும் அயலார் கிடங்கிற்கு மாற்றிவிடுதல் உத்தமம். இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மனந்தளர்ந்தவரை எவ்வாறு அறிவது? உண்பது குறையும், உறக்கம் கெடும், விதைப்புக்குரிய பருவம் வந்தும் விதையைப் பற்றிப் பேசார், 'நான் இல்லாவிட்டால் உங்களுக்குத் தொல்லையில்லை' என்பது போன்ற சொல் வரும், நெடுநாட் பொருள்களைப் பிறருக்குக் கொடுப்பர், சிலர் கலங்கியிருந்து திடீரென அமைதியடைவர். இவற்றைக் கண்டால், 'உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் உண்டாகிறதா?' என்று நேரே கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைக்காது. இருக்கும் எண்ணத்தின் பாரம் சற்று இறங்கும். 'உண்டு' என்று சொன்னால் உபதேசம் செய்யாது உடனிருந்து, தனியே விடாது, வைத்தியரிடம் அழைத்துச் செல்க.

கிராமாதிகாரிகள் இதில் செய்யக்கூடியது மிகுதி. முற்காலத்தில் மணியக்காரரும் கர்ணமும் பிறப்பு இறப்புக் கணக்கு எழுதி, ஊரில் வாந்திபேதி கண்டால் மேலதிகாரிக்குத் தெரிவித்து வந்தனர். 1980 இல் அப்பரம்பரைப் பதவிகள் ஒழிந்து, அவ்விடத்தில் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். எந்தப் பட்டாதாரருக்கு எவ்வளவு சாகுபடி, எங்கே நஷ்டம் என்பது அவருடைய அடங்கலிலேயே தெரியும். கொள்ளைநோய்க் காலத்தில், வீட்டில் மரணம் நேர்ந்தவர், விளைபொருள் அழிந்தவர், தனித்து வாழும் முதியோர், நோயுற்று ஊராரால் ஒதுக்கப்பட்டவர் ஆகியோரைக் குறித்துவைத்து, வாரம் ஒருமுறை தலையாரியைக் கொண்டோ தாமாகவோ விசாரித்தல் ஓர் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டிய காரியமன்று. 2021 ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை கிராமங்களில் புகுந்தபோது, நோய் கண்ட வீட்டைத் தகரம் வைத்து அடைத்ததைப் போன்ற வழக்கங்களால், நோயினும் அவமானத்துக்கு அஞ்சிப் பலர் சுரத்தை மறைத்தனர். நோய் கண்ட வீட்டுக்குப் பாலும் மளிகையும் தடையின்றிப் போய்ச் சேரும்படி செய்கிற அதிகாரி, அவ்வீட்டாரின் அச்சத்தைப் பாதி குறைத்தவராவார்.

சட்டத்தைப் பற்றியும் ஊரில் தவறான எண்ணம் நிலவுகிறது. விஷம் அருந்தியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் வழக்கு வரும் என்று அஞ்சி, மறைத்துவைத்துக் கைவைத்தியம் பார்த்து உயிரைப் போக்கடிப்பாரும் உண்டு. 2018 மே மாதம் அமலுக்கு வந்த 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115 ஆம் பிரிவின்படி, உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார், அவரைத் தண்டிப்பதற்கில்லை, அவருக்குச் சிகிச்சையளித்துப் பராமரிப்பது சர்க்காரின் கடமை. 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைப் பொதுவாகக் குற்றமென்று கூறிய பழைய 309 ஆம் பிரிவு இடம்பெறவில்லை. இதனைக் கிராம சபையில் ஒருமுறை உரக்கப் படித்துச் சொன்னால் போதும். வாந்தி வருவிக்க முயன்று காலம் போக்காமல், 108 ஐ அழைத்து, மருந்துப் புட்டியையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். எந்த மருந்து என்பது தெரிந்தால்தான் வைத்தியர் தக்க மாற்று கொடுக்க இயலும்.

அத்தகைய நிலை வருமுன்னரே உதவி தேடுவோர்க்கு, 2022 அக்டோபர் முதல் நடைபெற்று வரும் டெலிமானஸ் என்னும் சேவை உள்ளது. 14416 என்னும் எண்ணை எந்நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரிகளில் மனநல வைத்தியர் உள்ளனர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் எந்நாளில் பார்க்கலாம் என்று தெரிவிப்பர். அங்குக் கொடுக்கும் மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகுமாதலால், நான்கு நாளில் குணம் தெரியவில்லையென்று நிறுத்திவிடலாகாது; குணம் கண்டபின்னும் வைத்தியரைக் கேளாமல் விடலாகாது. விளைபொருள், விலை, பயிர்நோய் பற்றிய ஐயங்களுக்கு விவசாயிகள் அழைப்பு மையத்தின் எண் 1800-180-1551. இவ்விரு எண்களையும், 108 ஐயும் சேர்த்து, ரேஷன் கடைச் சுவரிலும் கூட்டுறவுச் சங்கத்தின் வாசலிலும் உரக்கடையில் மருந்து அடுக்கியுள்ள அலமாரியின் மேலும் பெரிய எழுத்தில் எழுதிவைக்கும்படி கிராமாதிகாரிகள் ஏற்பாடு செய்தல் வேண்டும்.